மலைக்கு ஜீப்பு கேட்ட செவிலியர்

எங்கள் சுகாதார நிலைய ஆய்வகத்தில் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜீப் ஓட்டுநர் முருகனின் அழைப்பு வந்தது. "அண்ணே, ஜெய்த்தூன் அக்கா போயிட்டாங்கண்ணே. குரங்கணியிலருந்து எறங்கி வர்றப்ப நெஞ்சைப் பிடிச்சாங்க. போடிக்கு வெரசா வந்தேன். வழியிலயே முடிஞ்சிருச்சு."

அன்று அவர் கர்ப்பிணிகளைப் பார்க்க மலைக்குப் போயிருந்தார். அது அவருடைய பகுதியே அல்ல. கிராம சுகாதாரச் செவிலியரான அவருக்கு ஒதுக்கப்பட்டது மலையடிவார ஊர்கள் மட்டும். மலையைப் பார்த்துவந்த செவிலியர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. நாட்டின் நிதிப் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும், காலியாகும் பணியிடங்களை நிரப்பக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு.

அந்த உத்தரவை விளக்க ஓர் அதிகாரி எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். "வீட்ல வரவு குறைஞ்சா செலவைக் குறைக்க மாட்டோமா? அதே கணக்குதான்" என்றார். நாங்களெல்லாம் தலையாட்டினோம். அக்கா எழுந்தார். "வீட்ல கஷ்டம்னா மொதல்ல கழுத்துல கெடக்குறதைக் கழட்டித்தான் சார் வைப்போம். பிள்ளைக்கு வாங்குற மருந்தையா நிறுத்துவோம்?" அதிகாரி சிரித்து மழுப்பினார். அக்கா சிரிக்கவில்லை.

சிக்கனத்தின் அடுத்த கட்டமாக, மலைக்குப் போய்வந்த மருத்துவ ஜீப்பை நிறுத்தினார்கள். அந்த மழைக்காலத்தில்தான் ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் செல்விக்கு நிறைமாதத்தில் உதிரப்போக்கு கண்டது. கணவனும் அண்ணன்மாரும் கம்பில் போர்வையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் இறங்கினார்கள். பாதை முடியும் குரங்கணியில் அக்கா ஒரு வாடகை வண்டியோடு காத்திருந்தார். செல்வி பிழைத்தாள். பெண் குழந்தை பிழைக்கவில்லை. துணியில் சுற்றிய அந்தப் பிள்ளையைத் தகப்பன் கையில் கொடுத்தவர் அக்காதான். கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இதையும் மிச்சம்னு எழுதிக்கிருவாங்களா தம்பி?"

செல்விக்கு உடம்பு தேறியதும் அவளையும் தோட்டத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார். வாசலிலேயே உட்கார்ந்தார்கள். "அரசு ஊழியர் நீங்க. இப்படிச் செய்யலாமா?" என்று அதிகாரி கேட்டார். "ஊழியம் செய்யத்தான் சார் ஜீப்பு கேக்குறேன்" என்றார் அக்கா. சாயங்காலம்வரை ஒருவரும் நகரவில்லை. மறுவாரம் ஜீப் மலையேறியது. அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. ஜீப் வந்தது, அதில் போக ஆள் வரவில்லை. அக்காவே ஏறிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் கணவர் கனி அண்ணனைப் பார்க்கப் போனேன். போடி பஜாரில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருப்பவர். "நெஞ்சு கனமா இருக்குன்னு ரெண்டு மாசமாச் சொன்னா. மதுரைக்குப் போயிக் காட்டிட்டு வருவோம், லீவப் போடுன்னேன். லீவு போட்டா மலையில யாரு பாப்பான்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல தம்பி" என்றார். பதில் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு அதே அதிகாரி மாலையோடு வந்தார். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார். நான் எழுந்தேன். "சார், அக்கா எடத்துக்கு எப்ப ஆள் வரும்?" என்று கேட்டேன். மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும், இப்போதைக்கு நிரப்ப அனுமதியில்லை என்றும் தணிந்த குரலில் சொன்னார். ஈடு செய்ய முடியாதாம்! ஈடு செய்யப் போவதில்லை என்பதற்கு இப்படி ஓர் அழகான வார்த்தை. ஒரு பெண்ணின் உயிரை உறிஞ்சிக் கணக்கை நேர்செய்துவிட்டு, அந்த வெற்றிடத்தையும் மிச்சத்தில் சேர்க்கிறார்கள்.

அக்காவை அறிந்தவர்கள் அவருடைய கருணையைப் பற்றிப் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் நான் எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. அதை அழுது கரைத்துவிட எனக்கு விருப்பமில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது செல்வி நின்றிருந்தாள். "அண்ணே, திங்கக்கெழம நாங்க எறங்கி வர்றோம். அந்த ஆபீசுக்கு நீங்களும் வர்றீகளா?"

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.