கொரட்டூர் சுவரில் வந்த கறை

1. முதல் கறை

"மேடம், கொஞ்சம் வந்துட்டு போங்க. செவுத்துல இன்னாமோ வந்துகீது."

முருகேசன் போனில் இப்படிச் சொன்னபோது நான் அம்பத்தூரில் ஒரு பிளைவுட் கடையில் வெனீர் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்வது என் தொழில்; முருகேசன் எங்கள் சுண்ணாம்புப் பூச்சுக்காரர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். சாரம் சரிந்தபோதுகூட "சரிஞ்சிட்சி" என்று மட்டும் சொன்னவர். அவரே கூப்பிடுகிறார் என்றால் விஷயம் சின்னதில்லை என்று கிளம்பினேன்.

வீடு கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில், புதிதாகக் கட்டி முடித்த அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி. லிஃப்ட் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. கார்த்திக், நித்யா என்று ஒரு இளம் தம்பதி வாங்கியிருந்தார்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை. பக்கத்திலேயே வாடகைக்கு இருந்துகொண்டு, வேலை முடிந்ததும் குடிவரலாம் என்று காத்திருந்தார்கள்.

முதல் மீட்டிங்கிலேயே நித்யா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "பளபளன்னு எதுவும் வேண்டாம் மேடம். எல்லாம் நேச்சுரலா, பாத்தா கதகதப்பா இருக்கணும்." ஹாலுக்கு செம்மண் நிறத்தில் சுண்ணாம்புப் பூச்சு, தேக்கில் ஷெல்ஃப், பிரம்பு விளக்கு, அலமாரிக் கதவில் கோரைப்பாய், பால்கனிக்குக் காற்றோட்டமான சுட்ட மண் ஜாலித் தடுப்பு. இந்த மாதிரி வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன்.

ஆனால் அந்தப் பெண்ணை மட்டும் எனக்குப் புரியவே இல்லை. பெயின்ட் வாசனை வரக் கூடாது என்றாள். சரி. பாலிஷை வெளியே அடித்துக் காயவைத்து எடுத்து வரச் சொன்னாள். அதுவும் சரி. பசை டப்பாவைத் திறந்தால் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுவாள். இன்டர்நெட்டில் எதையோ படித்துவிட்டுப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. "ரொம்ப அழகா வருதும்மா உன் வீடு" என்று நான் சொன்னால் அவள் முகம் சுருங்கிவிடும். இத்தனை வருடத்தில் வேலை நன்றாக இல்லை என்று முகம் சுருங்கிய கஸ்டமர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

கார்த்திக் நேர் எதிர். ஒரு சுவருக்குப் பூச்சு முடிந்தால்கூட போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். "எல்லாரும் பாத்துட்டு அசந்துபோயிட்டாங்க மேடம்" என்று என்னிடம் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் நித்யா அந்தப் போனைப் பார்க்கவே மாட்டாள்.

கறை வந்தது உள்ளே இருக்கும் சின்ன அறையில். கார்த்திக் அதை ஸ்டடி ரூம் என்று சொல்வார். வெளிர் மஞ்சளில் பூசி, கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய சுவர். ஜன்னலுக்குப் பக்கத்தில், கீழ் மூலையில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருப்பாக ஒன்று. ஓரமெல்லாம் கசிந்து பரவியிருந்தது.

"ஈரம்தான்" என்றேன். பூச்சு அப்போது முழுதாகக் காயவில்லை. முருகேசன் தலையாட்டிவிட்டு அந்த இடத்தைச் சுரண்டினார். சுண்ணாம்புப் பூச்சில் ஒரு இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் தழும்பு தெரியும். அதனால் சுவர் முழுவதையும் மறுபடி பூசினோம்.

2. ஆளுக்கொரு காரணம்

மறுபடியும் வந்தது. அதே சுவர், அதே மூலை, சற்று மேலே.

இந்த முறை எல்லோரும் கூடிவிட்டார்கள். முருகேசன், மணலில் உப்பு இருக்கிறது என்றார். எலெக்ட்ரீஷியன், உள்ளே ஒயர் சூடாகிறது என்று சொல்லிவிட்டு, தான் போட்ட ஒயர் அந்தப் பக்கமே போகவில்லை என்று அவரே ஞாபகப்படுத்திக்கொண்டார். பில்டரின் இன்ஜினியர் ஏரிக் காற்று என்றார். ஏரிக் காற்று கட்டடம் முழுவதும் அடிக்கிறது, இந்த ஒரு மூலையில் மட்டும் என்ன விசேஷம் என்று கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஈரம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தால் சுவர் முழுவதும் ஒரே அளவுதான் காட்டியது. கறை இருந்த இடத்திலும் அதே அளவு. மீட்டர் பொய் சொல்கிறதா, சுவர் பொய் சொல்கிறதா என்று எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் கார்த்திக் வாட்டர்ப்ரூஃபிங் செய்பவர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவரைக் கூட்டி வந்தால் வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும் என்றுதானே சொல்வார்? சீலிங்கை அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டினார். "மேல் வீட்டு பாத்ரூம் இந்த செவுத்துக்கு நேர் மேலதான் சார் வருது. தரையில தண்ணி போற நானி டிராப் கிட்ட லீக். தரையை ஒடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

"சீலிங்ல ஒரு சொட்டு ஈரம் இல்லையே, தண்ணி எப்படி நேரா கீழ் மூலைக்கு வரும்?" என்று கேட்டேன்.

"தண்ணி எப்படி வேணும்னாலும் வரும் மேடம்" என்றார்.

நித்யா கதவோரம் நின்றிருந்தாள். "பாத்ரூமை எல்லாம் ஒடைக்கணுமா? இந்தக் கறை இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

"லோன் போட்டு வாங்கின வீடு நித்யா. சும்மா விடச் சொல்றியா?" என்றார் கார்த்திக்.

3. மேல் வீடு

மேல் வீடு எல்லப்பனுடையது. அந்த அபார்ட்மென்ட் நின்ற இடமே அவர்கள் குடும்பத்து நிலம். நிலத்தைப் பில்டருக்குக் கொடுத்து, பங்குக்கு வீடுகள் வாங்கியவர்கள். அவர் பால் ஏஜென்ஸி வைத்திருந்தார். கிரகப்பிரவேசம் முடிந்து, அந்த பாத்ரூமுக்குத் தன் கையால் டைல்ஸ் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தார்.

நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும் கத்திவிட்டார்.

"இன்னா சார், வெள்ளாட்றியா? எங்க பாத்ரூமு காஞ்சி கெடக்குது, வந்து கைய வெச்சிப் பாரு. உன் செவுரு ஒழுவுனா எங்க ஊட்ட ஒடைப்பியா?"

"லீக் இருந்தா சரி பண்ணித்தானே ஆகணும்" என்றார் கார்த்திக்.

"இல்லேன்னா? ஒடைச்சதுக்கு அப்பறம் ஒண்ணுமே இல்லேன்னா இன்னா பண்ணுவ?"

அவர் மனைவி மல்லிகா அவர் கையைப் பிடித்து இழுத்தார். "புதுசா குடிவர்றவங்க. மொத மொதல்லயே சண்டை வோணாம்யா."

அசோசியேஷன் வரைக்கும் விஷயம் போனது. இன்ஜினியர் நழுவிக்கொண்டார். கடைசியில் எல்லப்பன் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு எச்சரிக்கையும் விட்டார். "ஒடைச்சி லீக்கு இல்லேன்னா, நீ இந்த பில்டிங்ல எப்டி நிம்மதியா கீறேன்னு பாக்கறேன்."

அவர் சும்மா சொல்கிறவர் இல்லை என்று அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் லாரிக்காரர், வாட்ச்மேன், மளிகைக்கடைக்காரர் எல்லோரும் அவர் சொந்தம். இந்தப் பிள்ளைகள் இங்கே வாழ வேண்டியவர்களாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

4. விரலில் ஒட்டியது

உடைக்கிற அன்று காலையில் நான் முதலில் கீழ் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது கறைக்குப் பிறகு மறுபடி பூசிய சுவர் இப்போது நன்றாகக் காய்ந்திருந்தது. கறை மூன்றாவது முறையாக வந்திருந்தது. இந்த முறை ஓரம் கசியவில்லை. அச்சு வைத்தது போல வட்டம்.

ஈரம் இப்படி வட்டம் போடாது. குனிந்து விரலால் தொட்டேன். விரலில் ஒட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனால் விளக்கெண்ணெய் வாசனை.

என் பெண்ணுக்கு இரண்டு வயது வரை தினமும் நான் கன்னத்தில் வைத்த அதே மை. கல்யாண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கொஞ்சம் பெரிதாகவே வைப்பேன். திருஷ்டிப் பொட்டு! இத்தனை நாளும் நாங்கள் மீட்டர் வைத்து அளந்துகொண்டிருந்தது திருஷ்டிப் பொட்டை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அந்த வீட்டுச் சாவி என்னிடமும் அவர்களிடமும் மட்டும்தான் இருந்தது. பால்கனியில் நின்றிருந்த நித்யாவிடம் போய் விரலைக் காட்டினேன். "என்னம்மா இது?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"போன வருஷம் நாள் தள்ளிப் போச்சு மேடம். ரெண்டு பேரும் சந்தோஷத்துல எல்லாருக்கும் சொல்லிட்டோம். இவர் ஸ்கேனையே குரூப்ல போட்டுட்டார். அஞ்சாவது மாசம் போயிடுச்சு. இப்போ மறுபடியும்… இன்னும் யாருக்கும் சொல்லல. இவருக்குக்கூட. அந்த ரூம் ஸ்டடி ரூம் இல்ல மேடம், பொறக்கப்போற குழந்தைக்கு. நீங்க எல்லாரும் அந்தச் சுவரைப் பாத்து அழகு அழகுன்னு சொன்னப்பல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கும். நான் கம்ப்யூட்டர்ல கோடிங் எழுதற வேலை பாக்கறவ. இதைப் போய் யார்கிட்ட சொல்றது?"

"பாத்ரூமை ஒடைக்கப் போறாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"மை வெச்சேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா…" துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெயின்ட் வாசனை, பசை டப்பா, துப்பட்டா எல்லாம் அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. மேலே உளி வைத்து அடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு யோசிக்க நேரமில்லை. படியேறி ஓடினேன்.

5. மேல் வீட்டு வாசலில்

"நிறுத்துங்க! லீக் எதுவும் இல்ல. அது திருஷ்டி மை. நான்தான் வெச்சேன்" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உளி பிடித்தவர் அப்படியே நின்றார். நல்லவேளை, ஒரு டைல் மட்டும் விண்டிருந்தது.

"நீங்களா?" என்றார் கார்த்திக். "நீங்களே வெச்சுட்டு நீங்களே மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

நியாயமான கேள்வி. "நான் செய்யற எல்லா வீட்டிலும் வைப்பேன். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல" என்று உளறினேன். பொய் சொல்வது எனக்கு எப்போதுமே வராது.

எல்லப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "யம்மா, நீ பெரிய மனுசின்னு நெனச்சேன். ஒரு பொட்ட வெச்சிட்டு எங்க ஊட்ட ஒடைக்கச் சொல்றியா?" கார்த்திக் அதற்கு மேல் போனார். "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம் மேடம். நான் வேற ஆள் பாத்துக்கறேன்." முருகேசன் என்னைப் பார்த்த பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சுவரை அவர்தான் திரும்பத் திரும்பப் பூசியவர்.

அப்போது படியில் காலடி கேட்டது. நித்யா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்தாள்.

"அவங்க வெக்கல. நான்தான் வெச்சேன்."

கார்த்திக் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். "நீயா? உனக்கு இதுலல்லாம் நம்பிக்கையே கிடையாதே. சுவருக்கு எதுக்கு மை?"

மல்லிகா அவளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். அருகில் வந்து அவள் தோளைப் பிடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"எத்தினி மாசம் கண்ணு?"

"மூணு முடியப் போகுது" என்றாள் நித்யா.

எல்லப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு உளிக்காரரிடம் திரும்பினார். "அத்த எட்த்துகினு போப்பா. சத்தம் போடாத கீழ எறங்கு." அவ்வளவுதான். விண்ட டைலைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

கார்த்திக் மட்டும் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"உங்களால சந்தோஷத்தை மனசுக்குள்ள வெச்சுக்க முடியாதுங்க" என்றாள் அவள். குற்றம் சொல்கிற குரலில் இல்லை, பாவம், அப்படியே உள்ளதைச் சொன்னாள்.

மறுநாளும் நான்தான் வேலைக்குப் போனேன். கார்த்திக் வந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சொன்னார். அந்தச் சுவரை என்ன செய்வது என்று முருகேசன் கேட்டபோது அவரே, "அதைத் தொடாதீங்க அண்ணே" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருநாளும் அவர் போட்டோ எடுத்து நான் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுவரில் கறை வந்தால் ஈரம் பாருங்கள், உப்பு பாருங்கள், பைப் பாருங்கள். அதெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே, அந்த வீட்டில் வாழப்போகிற பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, இந்த அறை யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தச் சின்ன அறைக்கு நாங்கள் நிறம் கேட்டோம், அளவு கேட்டோம், எத்தனை ப்ளக் பாயின்ட் என்று கேட்டோம். யாருக்கு என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்திருக்க மாட்டாள்.