உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு சலூன்

“1986 கார்த்திகை, செவ்வாய். உடுப்புத் தோய்க்கும் அறை சம்பந்தமான கடிதம். ஒப்பமிட்டேன்.”

என் பழைய கொப்பியில் இவ்வளவுதான் இருக்கிறது. குளிருக்கு வாங்கிய சப்பாத்தின் நிறம் வரை எழுதி வைத்தவன், இந்த இடத்தில் மட்டும் சிக்கனம்.

கொப்பியைத் தேட வைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். தலைமயிருக்குத் தைலம் காய்ச்சி விற்று, தொழிற்சாலை கட்டிய முன்னோடிக் கறுப்பினப் பெண் ஒருத்தியின் கதை. மகள் சொன்னாளென்று முழுவதையும் பார்த்தேன். பிடிக்கவில்லை. வருடங்களை முன்பின்னாகக் கலக்கியிருந்ததைக்கூட மன்னிப்பேன். ஆனால் அவளுக்குத் தடையாக நிற்கும் எல்லோருக்கும் வில்லன் முகம். அக்கம்பக்கத்தவர்களோ கைதட்டுகிறார்கள். சுத்தப் பொய். அப்படி ஒருத்திக்குப் பக்கத்தில் நான் குடியிருந்தவன், நண்பரே.

தைலம் கொதிக்கும் காட்சியில் எனக்கு மணத்தது தேங்காயெண்ணெய். சுவிஸின் ஓல்டனில் யாழ்ப்பாணத்து ஆட்கள் நாங்கள் நான்கு பேர் ஓர் அறையில். மேல்மாடியில் ஆபிரிக்காவின் சயீரிலிருந்து வந்த க்ளெமான்ஸ். எல்லோருமே அகதி வழக்கின் முடிவுக்குக் காத்திருந்தோம். நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கிழமைக்கு ஒரு நாள் என்று பலகையில் எழுதியிருக்கும். க்ளெமான்ஸ் தன் நாளில் உடுப்புத் தோய்ப்பதில்லை. எங்களிடம் வாங்கிய தேங்காயெண்ணெயில் ஏதேதோ கலந்து காய்ச்சி, பெண்களுக்குத் தலை பின்னினாள். ஓல்டன் ரயில் சந்தி அல்லவா, பேர்ணிலிருந்தும் பாசலிலிருந்தும் வந்தார்கள். சொந்தக் கடை போடுவேன் என்பாள். அவளுக்கு வரும் ஜேர்மன் கடிதங்களை அகராதியோடு இருந்து வாசித்துச் சொன்னவன் நான்தான்.

ஒருநாள் வீட்டுப் பராமரிப்பாளர் ஒரு முறைப்பாட்டுக்கு ஒப்பம் வாங்கக் கதவு கதவாக வந்தார். தோய்க்கும் அறையில் தொழில் நடத்துகிறாளென்று க்ளெமான்ஸை வீட்டை விட்டு எழுப்பிவிடக் கேட்கும் கடிதம். வாசித்து மற்றவர்களுக்குச் சொன்னேன்.

“போட்டுக் குடும் ஐசே,” என்றார் எங்களில் மூத்த செல்வம் அண்ணை.

“அவள் எங்களுக்கு என்ன அண்ணை செய்தவள்?” என்றேன்.

“ஒண்டும் செய்யேல்லை. அவள் கடை போட, எங்களைப் பிளேன் ஏத்தினா நீரோ வந்து இறக்குவீர்?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒப்பமிட்டால் நல்ல பிள்ளைகள் என்று பெயர் வரும், வழக்குக்கு உதவும் என்று நம்பினோம். வழக்குக்கும் அந்தக் கடிதத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. யாரும் கேட்காமலே ஒப்பத்தின் பக்கத்தில் திகதியும் போட்டேன்.

அடுத்த கிழமை க்ளெமான்ஸ் கடிதத்தின் பிரதியோடு எங்கள் வாசலில் நின்றாள். திட்டவில்லை. என் பெயரில் விரலை வைத்து, “மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும்,” என்றாள், உடைந்த ஜேர்மனில். மாதம் முடியுமுன் அவளுடைய அறை காலி.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. புதிதாக எழுந்ததில் வீட்டுக்கு வீடு தனி இயந்திரம். யாரும் யாருடைய நாளையும் பறிக்கத் தேவையில்லை. பின்னாளில் செல்வம் அண்ணை லோசானில் க்ளெமான்ஸ் என்று பெயர்ப்பலகை போட்ட சலூன் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். உள்ளே போய்ப் பார்க்கவில்லையாம். நானும் போகவில்லை. அது அவளுடையதுதானா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.