தனியே ஓடிய சாவி

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் அந்த மில்லில் முதலாளியின் காரை ஓட்டுவது வைகுண்டராஜ்தான் என்று ஊருக்கே தெரியும். அவருக்கு அது வேலை மட்டுமல்ல, அந்தஸ்து. வருஷா வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு முதலாளி குடும்பத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டு இறக்கும்போது அவர் மிடுக்கைப் பார்த்தால், தேரையே அவர்தான் இழுத்து வந்தார் என்று தோன்றும்.

இந்தச் சித்திரையில் முதலாளி புதுக் கார் வாங்கினார். அதை ஓட்ட விக்னேஸ்வரன் என்ற இளவட்டத்தையும் வைத்துக்கொண்டார். வைகுண்டராஜுக்குத் துணிக்கட்டு ஏற்றும் வேன்.

"ரெண்டாவது சாவி ஒங்கிட்ட இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்" என்று ஒரு ரிமோட் சாவியை முதலாளி நீட்டினார். பந்தி முடிந்தபிறகு கூப்பிட்டு மோர் ஊற்றியது போல இருந்தது வைகுண்டராஜுக்கு.

விக்னேஸ்வரன் தள்ளி நின்றே பட்டனை அமுக்குவான். கார் 'கீக்' என்று விளக்கைச் சிமிட்டிப் பூட்டைத் திறந்துவிடும். நேற்று வந்தவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறதே, வெட்கங்கெட்ட கார்! இவருக்கு வயிறு பற்றி எரியும்.

எரிச்சலை எங்கே கொட்டுவது? சட்டைப் பையில் சாவி இருந்தது. கிருஷ்ணன்கோவிலில் வேனை நிறுத்தி டீ குடிக்கும்போது அமுக்குவார். ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கும்போது அமுக்குவார். ஒவ்வொரு அமுக்கும் விக்னேஸ்வரனின் குரல்வளையில் என்று நினைப்பு. கார் எங்கோ நிற்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்?

தேர் நாள் வந்தது. இந்த வருஷம் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று முந்தின ராத்திரி அவர் தூங்கவே இல்லை. காலையில் ஆள் வந்தது. முதலாளி வீட்டு வாசலில் எல்லோரும் பட்டுடுத்தி நின்றார்கள்.

"வைகுண்டம், நீயே ஓட்டு. தேருக்கு அண்ணாச்சி ஓட்டுததுதான் மொறைன்னு விக்னேஸ்வரனே சொல்லிட்டான்" என்றார் முதலாளி.

விக்னேஸ்வரன் தன் சாவியை நீட்டினான். அவன் கைச்சாவி யாருக்கு வேண்டும்? வைகுண்டராஜ் தன் பையிலிருந்ததை எடுத்து ஜம்பமாக அமுக்கினார். கார் கல்லுளிமங்கன் மாதிரி நின்றது. மறுபடி அமுக்கினார். ஊஹூம்.

"ஏலே, என்னலே செஞ்சு வச்சிருக்க? நாலு பேரு முன்னால என்னைய அசிங்கப்படுத்தவா?" என்று சீறினார்.

விக்னேஸ்வரன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, ஒவ்வொரு அமுக்குக்கும் ரிமோட்டு புதுசா ஒரு நம்பர் அனுப்பும். போன நம்பர் திரும்ப ஆகாது, திருடன் புடிச்சு வச்சாலும் பிரயோசனமில்ல. அடுத்தது என்னன்னு காருக்குத் தெரியும். அஞ்சாறு முந்திப் போனா பொறுத்துக்கிடும். தூரத்துல இருந்து நூத்துக்கணக்குல அமுக்கிட்டா, சாவி மட்டும் தனியா ஓடிரும். பொறவு காருக்கு அது யாரோதான்." பிறகு மெல்லக் கேட்டான்: "பையில கெடந்து அமுங்கிருச்சோ?"

வைகுண்டராஜ் சாவியை அவனிடம் நீட்டினார். தன் பொறாமை அம்புட்டையும் அந்தச் சின்னச் சாவி ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருந்தது. காது மடல் சுட்டது.

விக்னேஸ்வரன் அதே ரிமோட்டில் மடங்கியிருந்த இரும்புச் சாவியை விரித்துக் கதவைத் திறந்தான். ஸ்டியரிங் பக்கத்துத் துளையில் போட்டுத் திருகி, பட்டனை அமுக்கினான். கீக். சாவியும் காரும் சேர்ந்துகொண்டன.

"பேட்டரி கொஞ்சம் வீக்கு, மொதலாளி. அண்ணாச்சி மேல தப்பில்ல" என்றான்.

வைகுண்டராஜ் காரைக் கிளப்பினார். தேர் நாளும் ஸ்டியரிங்கும் அவருக்கே கிடைத்துவிட்டன. கண்ணாடியில் பார்த்தால், அந்தப் பயல் வாசலில் நின்று சிரித்த முகமாகக் கை காட்டுகிறான். அந்தப் பெரிய மனசும் அவனுக்குத்தானா வாய்க்க வேண்டும்? மடவார்வளாகம் தாண்டும்வரை வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது.