‘முடிஞ்சுதுங்க’ என்றேன்

பொறாமையால் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய் டெல்லிக்குப் போய், நாடாளுமன்றத்தில் பதிலாகவே பதிவாகிவிட்டது!

அப்போது நான் ராசிபுரம் பக்கத்து ஊராட்சி ஒன்றின் துணைத் தலைவி. தலைவி ரோசலின், என்னைவிட இளையவள். வாய்க்கு வாய் ‘அக்கா’ என்பாள். ஆதரவற்ற முதியவர்களுக்காக எங்கள் ஊரில் கட்டத் தொடங்கிய வீடுகள் சுவரோடு நின்றுபோயிருந்தன. மேல்தளம் போட நிதி வரவில்லை. அந்த முதியவர்கள் ஒழுகும் கொட்டகையில் கிடப்பதை முதலில் பார்த்தவள் நான். மனுக் கொடுக்கலாம் என்று சொன்னவளும் நான்தான். தெரியுமா உங்களுக்கு?

ஆனால் எம்.பி. கூட்டத்தில் என்ன சொன்னார்? “தலைவரம்மா விடாம துரத்துனதாலதான் உங்க ஊர் விசயம் டெல்லிக்குப் போகுது. நான் கேள்வி கேக்கப்போறேன்!”

அவளுக்குப் பொன்னாடை. நானும் கைதட்டினேன்... உள்ளங்கை எரியத் தட்டினேன். வயிறு அதைவிட எரிந்தது.

சில வாரங்களில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று ரோசலின் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஏனுங்க, பார்லிமெண்டு கேள்விக்கு இன்னைக்கே பதில் அனுப்போணுமுங்க. அந்த முதியோர் ஊடு வேலை எந்த மட்டுல இருக்குதுங்க?”

கட்டி முடித்த வீட்டுக்கா கேள்வி கேட்க வைத்தாள் என்று ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கட்டும்... இதுதான் என் மனசில் ஓடியது.

“முடிஞ்சுதுங்க,” என்றேன்.

ஊர் சிரித்ததா? இல்லை! தன்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று எம்.பி. அவளைத் திட்டினார். முடிந்த வேலைக்கு நிதி எதற்கு என்று மேலே கையை விரித்துவிட்டார்கள். “எந்தப் புண்ணியவான் இப்படித் தப்பாச் சொல்லி உட்டானோக்கா!” என்று ரோசலின் அழுதபோது, என் முந்தானையால்தான் அவள் கண்ணைத் துடைத்தேன். எவ்வளவு நெஞ்சழுத்தம் எனக்கு!

ரிக் வண்டியோடு ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டு இடுப்பொடிந்த முத்தண்ணன், தனக்கு ஒதுக்கிய அறையில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடியேறிவிட்டார். என்னைக் கண்டால் கேட்பார்: “சாமி, காங்கிரீட்டு எப்பங்க போடுவாங்க?”

“போட்டுருவாங்க,” என்று சொல்லி நடையை எட்டிப் போடுவேன். வானம் இருட்டினால் அந்தப் பக்கமே போவதில்லை.

இப்போது எங்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. உள்ளாட்சித் தேர்தலோ நடந்தபாடில்லை. ஆனாலும் ரோசலின் ஓயவில்லை. போன வாரம் புது மனுவோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. நீங்க இல்லீன்னா நான் இவ்வளவு தூரம் ஓடியே இருக்கமாட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன், மனுவில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று பார்த்தேன்.

அவள் பெயர். மறுபடியும் வயிறு எரிந்தது!