கொதிகலனுக்கு வைத்த தண்ணீர்

உக்குவளை நெல் ஆலையில் பதினாறு வருஷம் கொதிகலன் பார்த்த இத்ரூஸை 1961இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் வற்றிக் குழாய் கருகிவிட்டதாம். பம்பு அடைத்துக்கொண்டதுதான் காரணம். அதை யார் கேட்டார்கள்? "தண்ணி பாக்கத் தெரியாதவன்" என்றார் ஆலை முதலாளி அப்துல் ஸமத் ஹாஜியார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

கொதிகலன் பார்க்கத் தெரியும் என்று காட்டி வேலையைத் திரும்ப வாங்க அவன் கண்ட வழி கொஞ்சம் பைத்தியக்காரத்தனமானது. தேயிலைத் தோட்டமொன்றில் கழித்துப் போட்ட சின்னக் கொதிகலனை வாங்கி வந்து பின்புறக் கொட்டிலில் நிறுத்தினான். பித்தளைத் தகட்டில் இதழ்கள் வெட்டி ஒரு சக்கரம் செய்தான். ஆவி சீறிக்கொண்டு இதழ்களில் அடிக்க, சக்கரம் சுழன்று பழைய லொறி டைனமோவைச் சுற்றியது. நான்கு பல்புகள் எரிந்தன. அந்தப் பக்கம் மின்சாரமே வராத காலம்; சனம் வேலியோரம் நின்று வாயைப் பிளந்தது. மனைவி கைறுன்னிஸா மட்டும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

மறு வருஷம் ஆலையில் அவனுடைய பழைய இடம் காலியானது. வீட்டில் நபிகள் புகழ் பாடும் மவ்லூத் ஓத நாள் குறித்து ஹாஜியாரை அழைத்தான்.

"வாறேன். ஒன்ட லைட்டையும் பாப்பம்" என்றார் அவர்.

கிணற்று நீர் கொதிகலனுக்குள் சுண்ணாம்பாகப் படியும். அதனால் நாலு நாள் மழைத் தண்ணீரைச் சேர்த்துக் கொட்டில் வாசலில் தொட்டி நிறைய வைத்திருந்தான். விருந்தாளிகள் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு எடுக்க முன்வாசலில் குடங்கள் இருந்தன. ஹாஜியார் வந்து சேரும்போது அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது, குடங்களும் காலி. அவசரத்தில் அவர் பின்புறம் போய்த் தொட்டியைக் கண்டு சட்டைக் கையைச் சுருட்டினார். அவரோடு வந்த பத்துப் பன்னிரண்டு பேரும் அப்படியே செய்தார்கள்.

உள்ளே பாய் விரித்துக்கொண்டிருந்த இத்ரூஸுக்கு இது தெரியாது. தொழுகை முடிந்து, பல்பு வெளிச்சத்தில் மவ்லூத் தொடங்கியதும் கொட்டிலுக்குப் போய், தொட்டித் தண்ணீரைக் கொதிகலனுக்கு ஏற்றப் பம்பை அடித்தான். காற்றுத்தான் வந்தது. தொட்டியின் அடியில் இரண்டு இலைகள் ஒட்டிக் கிடந்தன. கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. கிணறு சரிவுக்குக் கீழே. ஓடிப்போய் அள்ளி வந்தாலும், காய்ந்த கொதிகலனில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். வீட்டுக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். அடுப்பில் எரிந்த கொள்ளிகளை இரண்டு கையாலும் இழுத்து வெளியே எறிந்தான்.

பல்புகள் சிவந்து அணைந்தன.

"இவன் இன்னும் தண்ணி பாக்கப் படிக்கல்லயே!" என்றார் ஹாஜியார் இருட்டில். எல்லோரும் சிரித்தார்கள்.

விருந்தாளிகள் போனபின் கைறுன்னிஸா அவன் கையில் எழும்பிய கொப்புளங்களுக்கு மருந்து தடவினாள். "ஹாஜியார் தொட்டியில ஒளு எடுத்தத நான் குசினி ஜன்னலால பாத்தேங்க. தடுக்க வாய் வரல்ல" என்று அழுதாள்.

"விளங்கிச்சு. தொட்டியிலேருந்து வாசல் வரைக்கும் ஈரக் காலடி."

"அப்ப போய்ச் சொல்லுங்களே!"

"தொழ வந்த மனுசன் எடுத்த தண்ணிக்கு நான் நியாயம் கேக்கவா? அது ஏலாது."

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஹாஜியார் அவனுடைய கட்டுப் போட்ட கைகளைப் பார்த்து உண்மையாகவே இரங்கினார். "வேலைய வேற ஆளுக்குக் குடுத்திட்டேன் இத்ரூஸ். மனசு தளராத. ஒனக்கும் ஒரு வழி தெறக்கணும்னு துஆ கேக்கிறேன்" என்றார்.

இத்ரூஸ் கட்டுப் போட்ட கைகளை ஏந்தி, "ஆமீன்" என்றான்.