பிரியாவிடைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

நான் ஆங்கில நாவல்கள் வாசிக்கத் தொடங்கியதற்கு இலக்கிய தாகம் காரணமல்ல. எங்கள் மெடம் ஒரு நாள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்தான் காரணம்.

கொழும்பு கோட்டையில், கப்பல் சரக்குகளுக்கான ஆவணங்கள் தயாரிக்கும் ஒரு கம்பனியில் எனக்கு வேலை. மெடம் எங்கள் பிரிவுத் தலைவி. பணக்காரர் வசிக்கும் கறுவாத்தோட்டத்துப் பெரிய வீட்டுக்காரி. தமிழர்தான், ஆனால் அவர் தமிழ் பேசி நாங்கள் எவரும் கேட்டதில்லை. வீட்டில் சமையல்காரியோடு பேசுவதற்கு மட்டும் கொஞ்சம் வைத்திருக்கிறார் என்று ஒபிஸில் ஒரு கதை உலவியது. வருடாந்த மதிப்பீட்டுக்காக என்னை அறைக்குள் கூப்பிட்டவர், நான் ‘டசிட்டேர்ன்’ ஆன ஆள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டுக்குத் திரும்பியதும், மெடம் என்னைப் புகழ்ந்ததாகக் கணவரிடம் சொன்னேன். அவர் போனில் தேடிப் பார்த்தார்.

“அதிகம் கதைக்காத ஆள் எண்டு போட்டிருக்கு,” என்றார். இன்னொரு தரம் போனைப் பார்த்தார். “வேற ஆரையோ நினைச்சுச் சொல்லியிருப்பா.”

வீட்டில் நான் பேசுகிற தமிழுக்கும் ஒபிஸில் பேசாத ஆங்கிலத்துக்கும் நடுவில் எத்தனை தூரம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்தில் தமிழ் மொழியில் படித்துவிட்டு வந்தவள் நான். என் ஆங்கிலம் ரியூசன் ஆங்கிலம். இலக்கணம் சுத்தமாக இருக்கும், சொற்கள்தான் போதாது. சொற்களைப் பெருக்க நாவல் வாசியுங்கள், அகராதியைத் தொடாதீர்கள், தெரியாத சொல்லின் பொருளை வாக்கியத்தை வைத்தே ஊகியுங்கள் என்று யூடியூப்பில் ஒருவர் ஆணித்தரமாகச் சொன்னார். அவருடைய உச்சரிப்பு நன்றாக இருந்தது. நம்பிவிட்டேன்.

மருதானையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய், இருப்பதிலேயே தடித்த, இருப்பதிலேயே பழைய நாவல்களாகப் பொறுக்கினேன். “பரணய் மிஸ்,” என்று கடைக்காரர் சிங்களத்தில் எச்சரித்தார். பழசு என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அரிசியும் புளியும் போலச் சொல்லும் பழசானால்தான் தரம் என்று நான் நினைத்திருந்தேன். புதிய நாவல்களைப் புரட்டியபோது எல்லாச் சொல்லும் விளங்கியது. ஆகவே அவற்றால் பிரயோசனமில்லை என்று திரும்ப வைத்துவிட்டேன்.

காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயிலேறி, கடல் பக்கத்து ஜன்னலில் சாய்ந்துகொண்டு வாசிப்பேன். முதல் சில வாரம் நீந்தத் தெரியாதவள் கடலில் இறங்கிய கதைதான். அதன்பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த நாவல்களில் நடப்பதெல்லாம் எனக்குப் பழக்கமான சங்கதிகள். பெண் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு என்ன சொத்து, எத்தனை வீடு என்று விசாரிக்கிறார்கள். மாமிமார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, யார் பெட்டை யாரோடு கதைத்தாள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாதகம் பார்க்காதது ஒன்றுதான் குறை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் குதிரை வண்டி ஓடவிட்டால் அந்த நாவல்தான். சனங்களை இவ்வளவு விளங்கும்போது சொற்களா விளங்காமல் போகும் என்று எனக்குத் துணிச்சல் வந்தது.

சொற்கள் சேர்ந்தன. சேர்ந்தவற்றைச் செலவழிக்காமல் இருக்க முடியவில்லை. சரக்கு விபரம் அனுப்பாமல் இழுத்தடித்த சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்கு, ‘உங்களுடைய தாமதம் ஒரு கண்ணியமான மனிதரால் பொறுக்கத்தக்கதல்ல’ என்ற அர்த்தத்தில், குதிரை வண்டிக் காலத்து ஆங்கிலத்தில் ஒரு ஈமெயில் எழுதினேன். அதுவரை எத்தனையோ நினைவூட்டலுக்கு அசையாதவர்கள் அன்றைக்கே பதில் போட்டார்கள். எங்கள் கம்பனி வக்கீல் வைத்துவிட்டதோ என்று பயந்தார்களாம். அன்றிலிருந்து ஒபிஸில் எனக்கு ‘நல்ல இங்கிலிஷ்காரி’ என்று பெயர். என் பக்கத்து மேசையில் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். இன்டர்நஷனல் ஸ்கூலில் படித்தவள். தூக்கத்தில்கூட ஆங்கிலம் பேசுவாள். அவள் ஒரு நாள், “அக்கா, நீங்க எழுதுறது எனக்கே முழுசா விளங்குறதில்ல,” என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் மெடம் ஓய்வு பெறும் நாள் வந்தது. பிரியாவிடைக்கு ஒரு ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு ஏற்பாடாகியது. பிரிவின் சார்பில் யார் பேசுவது என்ற கேள்விக்கு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை.

மெடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரிடம் பேச்சு வாங்காதவர் எங்கள் பிரிவில் இல்லை. ஒரு வரைவை விரல் நுனியால் தூக்கி, “யார் இதை எழுதியது, ஒரு குழந்தையா?” என்று ஆங்கிலத்தில் கேட்பார். ஆனால் என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில், மேல்மாடியிலிருந்து இறங்கி என் மேசைக்கு வந்து, அம்மாவுக்கு எப்படி என்று நின்றபடியே விசாரித்தவரும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. அதற்குப் பொருத்தமான சொல் என்னிடம் தயாராக இருந்தது. நான் வாசித்த நாவல்களில் பெரிய வீட்டு அம்மா வண்டியை நிறுத்தி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் இருமலை விசாரிப்பார். ஊரே கண் கலங்கி அவருடைய ‘கொண்டெசென்ஷனை’ மெச்சும். உயரத்தில் இருப்பவர் இறங்கி வந்து காட்டும் பெருந்தன்மை. மெடத்துக்கென்றே செய்த சொல்.

மைக்கைப் பிடித்து நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு அந்த இடம் வந்தது. “மெடம், உங்களுடைய கொண்டெசென்ஷன் இல்லாமல் இனி நாங்கள் எப்படி இருப்போம்? அது இல்லாத ஒரு நாளை நாங்கள் கண்டதில்லை. பெரியவர் சிறியவர் என்று நீங்கள் பார்க்கவில்லை. வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்குக்கூட அவருடைய பங்கு குறைவில்லாமல் கிடைத்தது.”

மண்டபம் அமைதியாகியது. உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். டைரக்டர்மார் தங்கள் பிளேட்டுகளில் எதையோ தேடினார்கள். பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அடுத்து முழுப் பின்வரிசையும் தட்டியது. டிரைவர் ஒருவர் விசிலே அடித்தார். நான் பணிவாகத் தலை குனிந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை மேசைக்குக் கீழே என் கையை இறுக்கிப் பிடித்தாள். “அக்கா, உங்களுக்கு எவ்வளவு தைரியம்! நாங்க எல்லாம் நெஞ்சுக்குள்ள வச்சிருந்தத மைக்ல சொல்லிட்டீங்க.”

“நான் நல்லதாத்தானே சொன்னனான்?”

“நல்லாத்தான் சொன்னீங்க. இதுக்கு மேல யாரும் சொல்லேலாது.”

எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன் என்று பட்டது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு, யூடியூப்காரர் தொடவே வேண்டாம் என்ற அகராதியைப் போனில் திறந்தேன். தன்னை மேலாகவும் மற்றவரை மட்டமாகவும் நினைத்து நடந்துகொள்ளும் இளக்காரம் என்று இருந்தது. நான் ஊகித்த பொருளும் கடைசியில், ‘பழைய வழக்கு’ என்ற குறிப்போடு இருந்தது. ஆக, நான் பிழையாக ஊகிக்கவில்லை. சரியாக ஊகித்திருக்கிறேன், பிந்தி வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் இது பெரிய ஆறுதலாக இருக்கவில்லை. இல்லாத ஒரு நாளை நாங்கள் கண்டதில்லை என்று வேறு சொல்லியிருந்தேன். செக்யூரிட்டியின் பங்கையும் மறக்காமல் சேர்த்திருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மெடத்திடம் போனேன். அவர் கேக் வெட்டிய மேசைக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது, பழைய நாவல்களில், ஒரு பெரிய வீட்டு அம்மா, ஒரு பிள்ளையின் இருமல் என்று தடுமாறினேன். மெடம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“விளக்கம் ஒண்டும் வேண்டாம்,” என்றார். தமிழில். பிசிறில்லாத யாழ்ப்பாணத் தமிழில். “இவ்வளவு காலத்தில ஒருத்தரும் என்ர முகத்துக்கு நேர சொல்லேல்லை. எல்லாரும் பின்னால கதைச்சவை. நீர்தான் சொன்னீர்.”

“மெடம், சத்தியமா நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை. அம்மா ஆஸ்பத்திரியில இருக்கேக்க நீங்கள் இறங்கி வந்து கேட்டனீங்கள். அதைத்தான்…”

“பயப்படாதையும். இனி நான் உம்மை என்ன செய்யேலும்?” என்று சிரித்தார். அவருடைய கண் ஓரம் ஈரமாக இருந்தது அழுகையினாலா, ஏசியினாலா என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் இரண்டு தரம் தட்டினார். “ஆனா ஒண்டு. உம்மட இங்கிலிஷ் பரவாயில்லை. முந்தி எவ்வளவு மோசமா இருந்தது.”

அந்தச் சொல்லின் புது அர்த்தத்துக்கு ஒரு சிறந்த உதாரணத்தைக் கையில் தந்துவிட்டுத் தன் காருக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் எவ்வளவு சொல்லியும் ஒபிஸ் நம்பவில்லை. நான் தன்னடக்கத்தால் மறுக்கிறேன் என்றார்கள். சம்பளப் பிரச்சினையா, லீவுப் பிரச்சினையா, மேலிடத்தில் பேச என்னை முன்னால் தள்ளினார்கள். வாழ்க்கையில் பஸ் கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்கக்கூடத் தயங்கியவள் நான். பிறர் நம்புகிறார்களே என்று போய் நின்றேன். புதிதாக வந்த மனேஜரும் நான் வாயைத் திறக்க முன்னமே கேட்க வந்ததில் பாதியைத் தந்துவிடுவார். எந்த நேரம் எந்தச் சொல்லை எடுப்பேனோ என்ற பயம் அவருக்கு. நானும் இப்போது அகராதி பார்த்துத்தான் வாசிக்கிறேன். புதிய நாவல்களும் வாசிக்கிறேன். அவற்றில் எல்லாச் சொல்லும் விளங்குகிறது, ஆட்கள்தான் விளங்குவதில்லை.

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு சாரிக் கடையில் மெடத்தைக் கண்டேன். தன்னைவிட மூத்த ஒரு அம்மாவோடு நின்றார்.

“அக்கா, இவதான் அந்தப் பிள்ளை,” என்றார் மெடம், ஏதோ பெருமை போல. பிறகு பணம் கட்டுவதற்குக் கவுண்டர் பக்கம் போனார்.

அவர் போகும்வரை பார்த்திருந்த மூத்தவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சின்னனிலயிருந்து நான் சொல்ல நினைச்சது, பிள்ளை,” என்றார் தாழ்ந்த குரலில். “ஒரு நாளும் வாய் வரேல்லை.”

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை அம்மா,” என்று மட்டும் சொன்னேன்.