மனம் நொந்த பெற்றோர் எழுதிய நோட்டீஸ்

பெயர் போடாமல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். ஒருத்தியின் மானத்தை வாங்கத் துணிவிருக்கிறது, கீழே கையெழுத்து வைக்கத் துணிவில்லை. என்ன பிறவிகள்!

சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில், கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்திவந்தோம். பெரிய பிள்ளைகளுக்கு நான், சின்னப் பிள்ளைகளுக்கு மன்னாரைச் சேர்ந்த என் சிநேகிதி. நான் சைவம், அவள் வேதக்காரி, கத்தோலிக்கம். ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் நின்றவர்கள். பதினொரு வருடத்தில் சமயம் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை. நத்தாருக்கு அவள் கேக் தருவாள், தைப்பொங்கலுக்கு நான் பொங்கல் கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வந்தால், நின்ற கார்கள் எல்லாவற்றிலும் வைப்பருக்குள் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. வேதக்காரப் பிள்ளைகளுக்கு நான் திருநீறு பூசித் தேவாரம் பாடவைக்கிறேனாம். சிலுவை போட்டுவந்த பிள்ளையை அதைக் கழற்றச் சொன்னேனாம். இப்படிப்பட்ட ஆசிரியைக்கு எங்கள் பங்கு மண்டபம் எதற்கு என்று கேட்டு, ‘மனம் நொந்த கத்தோலிக்கப் பெற்றோர்’ என்று முடித்திருந்தது. அத்தனையும் பச்சைப் பொய்.

சிநேகிதி பின்னால் வந்துகொண்டிருந்தாள். பெற்றோர் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இது உம்மட ஆக்கள்ட வேலைதானே? இவ்வளவு காலமும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சுப்போட்டு, இதுதானோ உங்கட குணம்?”

அவள் தாளை வாங்கிக் கனநேரம் பார்த்தாள். “எனக்குத் தெரியாது அக்கா,” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நான் விட்டேனா? “ஓம், போம்! போய் அவையளோட சேர்ந்து சிரியும்!” என்று பின்னால் நின்று கத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. வேதக்காரப் பிள்ளைகளும் வரவில்லை. பங்குப் பாதிரியார் விளக்கம் கேட்டு ஜெர்மன் மொழியில் கடிதம் அனுப்பினார். பெற்றோர் சங்கத் தலைவர் ஒருவர்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்.

“விடுங்கோ தங்கச்சி. அவையளை நம்பேலாது எண்டு நான் எப்பவோ சொன்னனான். எங்கட கோயில் மண்டபம் சும்மாதானே கிடக்கு? வகுப்பை அங்க மாத்துவம்.”

இரண்டு வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். கோயிலுக்குள் வைத்தால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று மறுத்துவந்தவளும் நான்தான். அன்றைக்கு “ஓம் அண்ணை, மாத்துவம்” என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கிழமை என் மகள் சமையலறை மேசையில் சரித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். சில நூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்து. அங்கேயும் இதே கூத்துத்தானாம். அரசரையும் ஆயர்களையும் திட்டிப் பெயரில்லாத பிரசுரங்களை அடித்துத் தெருவில் விட்டிருக்கிறார்கள். பிடிபட்ட சிலருக்குக் காதை அறுத்தார்கள் என்றாள். “நல்லா வேணும்,” என்றேன். தேய்ந்த அச்செழுத்தைப் பார்த்தே எந்த அச்சகம் என்று கண்டுபிடிப்பார்களாம். அதைச் சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தாள்.

“அம்மா, வேதக்காரரும் பிள்ளையார் சுழி போடுவினமோ?”

தாளின் தலையில், நடுவில், சின்னதாக ஒரு ‘உ’.

எத்தனை தரம் அதை வாசித்திருப்பேன்! கண்ணில் படவே இல்லையே. எப்படிப் படும்? கடைக்குச் சாமான் எழுதும் துண்டிலும் அதைப் போட்டுவிட்டுத்தான் நான் பருப்பு என்று எழுதுவேன். எழுதியவருக்கும் அதே கைப்பழக்கம். கத்தோலிக்கப் பெற்றோராக நடிக்க உட்கார்ந்தவர், முதல் வேலையாகப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நடித்திருக்கிறார். சீ! அது தலைவர் அண்ணையா, வேறு யாரேனுமா, சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் எங்கள் ஆள்.

நோட்டீஸோடு அப்படியே சிநேகிதி வீட்டுக்கு ஓடினேன். அவள் கதவைத் திறந்து, “உள்ள வாங்கோ அக்கா,” என்றாள். நான் ‘உ’வில் விரலை வைத்துக் காட்டினேன்.

“ஓம். அண்டைக்குக் கார் நிண்ட இடத்திலயே கண்டனான்.”

“பிறகேன் பேசாமப் போனனீர்? அந்த இடத்திலயே என்ர வாயை அடைச்சிருக்கலாமெல்லே!”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியளோ?”

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்பது ஊருக்கே தெரியும். அவள் அப்போதே சொல்லியிருந்தால், பழியைத் தூக்கி எங்கட தலையில போடுறீரோ என்று இன்னும் பத்துப் பேர் கேட்கக் கத்தியிருப்பேன்.

“இல்லை,” என்றேன்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்றாள். வகுப்புக்குத் திரும்பி வரச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கேட்காமலே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் ஒரு நோட்டீஸ் அடித்தேன். பழைய நோட்டீஸின் தலையில் இருந்த சுழியைப் பாருங்கள், இது எங்கள் பக்கத்து வேலை, அவளைச் சபையில் வைத்து அவமானப்படுத்தியது நான், வகுப்பு பங்கு மண்டபத்தைவிட்டு எங்கேயும் போகாது என்று நாலே வரி. தலையில் வேண்டுமென்றே பெரிதாக ஒரு ‘உ’. கீழே என் முழுப்பெயர். தலைவரின் கார் வைப்பரில் அவர் பார்த்துக்கொண்டிருக்கவே செருகினேன்.

வேதக்காரப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் இப்போது நான்தான் படிப்பிக்கிறேன்.